சம்பந்தி வீட்டாருக்கு வேண்டாத விஸா

முதுமையில் ஊரை விட்டுப் போவது நம்மவர்களுக்குப் புதிய வழக்கம் அல்ல. பிள்ளை தலையெடுத்துப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிவிட்டால், காசிக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டியவர்கள் நம் பாட்டன்மார்களில் பலர் உண்டு. கங்கைக் கரையில் அவர்களை நிறுத்தி, "உமது பாங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது? நோயில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? உமது ஊர்ப் போலீஸார் உம்மை நல்லவர் என்கிறார்களா?" என்று கேட்டவர் யாருமில்லை. இக்காலத்து முதியவர்கள் புறப்படும் ஊர்கள் வேறு. பாங்காக், பினாங்கு, பாரிஸ் என்று அவை கடல் கடந்து போய்விட்டன. அங்கே மேற்படி கேள்விகள் எல்லாம் கேட்கிறார்கள். கேட்பதற்கென்று அச்சிட்ட பாரங்களும் வைத்திருக்கிறார்கள்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வந்து நீண்ட காலம் தங்குவதற்கென்றே சில தேசங்கள் தனி விஸா வழங்குகின்றன. வேலை தேடி வருபவனைக் கண்டு முகம் சுளிக்கும் சர்க்கார், பணத்தோடு வந்து, வேலை எதுவும் செய்யாமல், மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கப் போகிறவரை வரவேற்பதில் ஆச்சரியமில்லை. தாய்லாந்து இதில் பெயர் பெற்றது. அங்கே 50 வயது நிரம்பியவர் 8,00,000 பாட் பாங்கியில் போட்டுக் காட்ட வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அநுமதி ஒரு வருஷத்துக்கு. பிறகு வருஷந்தோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 90 நாளைக்கு ஒருமுறை, இன்ன விலாசத்தில் இருக்கிறேன் என்று குடிநுழைவு இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும். டாக்டர் தரும் அத்தாட்சியில் குஷ்டம், க்ஷயம் முதலியவற்றோடு யானைக்கால் வியாதியும் இல்லையென்று எழுத வேண்டும் என்கிறார்கள். நம் கடற்கரை ஜனங்களுக்கு அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் சுருக்கென்றே தைக்கும்.

ஆனால் நமக்கு இந்த விஷயத்தில் அக்கறை பிறந்தது தாய்லாந்தைப் பற்றிப் படித்ததனால் அல்ல. நாம் குடியிருக்கும் கிளியனூரின் காரணமாகத்தான்.

கிளியனூர் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் ராஜபாட்டையில் இருக்கிறது. திருக்கிளியன்னவூர் என்று தேவாரம் பெற்ற தலம். வடகிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே சுமார் 12 மைல் போனால் புதுச்சேரி. இந்தப் பன்னிரண்டு மைலுக்கு நடுவில் ஒரு காலத்தில் இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை ஓடிற்று. நம் பக்கம் இங்கிலீஷ்காரர்களின் தென்னாற்காடு ஜில்லா. அந்தப் பக்கம் பிரெஞ்சு இந்தியா. அந்த எல்லையும் ஒரே கோடாக ஓடவில்லை. இன்றும் மரக்காணத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர் காலாப்பட்டில் புதுச்சேரி மாநிலத்துக்குள் நுழைந்து, பொம்மையார்பாளையத்தில் மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வந்து, கோட்டக்குப்பத்தைத் தாண்டிய பிறகு திரும்பப் புதுச்சேரிக்குள் போவார். துண்டு துண்டாக வெட்டிய துணியைக் காற்றில் பறக்க விட்டாற்போல் அந்தப் பிரதேசம் சிதறிக் கிடக்கிறது. எந்தத் துண்டில் ஒருவன் பிறந்தான் என்பது அக்காலத்தில் கள்ளு விலைக்கும் சுங்கத் தீர்வைக்கும் உதவிய விஷயம். முதுமையில் பேரக் குழந்தையின் பக்கத்தில் யார் இருக்கலாம் என்பதையும் அதே விஷயம் தீர்மானிக்கும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சரித்திரத்தைச் சிறிது சொல்லிவிட வேண்டும். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறிற்று. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28ஆம் தேதி. அது சட்டப்படி அமலுக்கு வந்ததோ 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி. அந்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுப் பிரதேசத்தில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள். பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே அயல்நாடுகளில் குடியிருந்தவர்களுக்கு இது நேர் தலைகீழ்: அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள், இந்தியப் பிரஜையாக வேண்டுமானால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆறு மாதம் என்பது ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்க மிகவும் சொற்பமான காலம். எத்தனையோ பேர் அந்தத் தாளில் என்ன இருக்கிறதென்றே அறியாமல் நாளைக் கடத்திவிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள் பென்ஷனை நினைத்துக் கையெழுத்திட்டார்கள். புதுச்சேரிப் பேச்சில் இவர்களுக்கு 'சொல்தா' என்று பெயர். சொல்தாவின் வீட்டுக்கு யூரோவில் பென்ஷன் வரும். அவர் பிள்ளை பிரெஞ்சுப் பிரஜை, பேரனும் அப்படியே. பிரான்ஸ் தேசத்து ஜனாதிபதித் தேர்தலுக்குப் புதுச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப் போடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பாரிஸுக்குப் போய் வேலையில் அமர்ந்து, கல்யாணத்துக்குப் பெண் தேடி இந்தப் பக்கம் வருகிறார்கள். எல்லை இருந்த இடத்தில் இன்று சம்பந்தம் நடக்கிறது.

நம்மோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தம் ஒரே பெண்ணை அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் கொடுத்தார். பெண் பாரிஸை அடுத்த ஒரு புறநகரில் இருக்கிறாள். குழந்தை பிறந்திருக்கிறது. "அப்பா, நீங்களும் அம்மாவும் இங்கேயே வந்து இருந்துவிடுங்கள்" என்று அவள் சொல்வதில் நியாயமில்லாதது ஒன்றுமில்லை. சம்பந்தி தம்பதிகள் விமான டிக்கெட் வாங்கிக்கொண்டு நினைத்த அன்று புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு விஸாவே வேண்டாம். நம் நண்பருக்கும் அவர் மனைவிக்கும் வேண்டியிருக்கிறது. சம்பந்தியின் தகப்பனார் 1962இல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நம் நண்பரின் தகப்பனார் பன்னிரண்டு மைல் இப்பால் பிறந்ததனால், அவரிடம் யாரும் எந்தக் காகிதத்தையும் நீட்டவில்லை. குழந்தைக்குத் தாத்தா இருவர். ஒரு தாத்தாவுக்குத்தான் வீட்டுச் சாவி.

நண்பர் பாரங்களை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தபோது, அவற்றை வரி வரியாகப் படித்துப் பார்த்தோம். பிரான்ஸில் ஓய்வு விஸா என்று பெயரிட்டு ஒன்றும் இல்லை. அந்தக் காரியத்துக்கு உதவுவது 'விசிட்டர்' என்னும் நீண்ட கால விஸா. வேலை எதுவும் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தங்குமிடத்துக்கும் வைத்தியச் செலவுக்கான இன்ஷூரன்ஸுக்கும் அத்தாட்சி வேண்டும். சொந்தச் செலவில் ஜீவிக்கப் போதுமான வருமானம் காட்ட வேண்டும். 'போதுமான' என்பதற்கு அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் அளவுகோல். 2025இல் அது பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் ஏறத்தாழ 1,400 யூரோ. அவ்வருஷத்து மாற்று விகிதத்தில் ரூபாய் கணக்குப் பார்த்தால் ஒரு லக்ஷத்து நாற்பதினாயிரத்தை ஒட்டி வருகிறது. தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரின் பென்ஷன் இந்தத் தொகையின் பாதியைத் தொட்டாலே அவர் பாக்கியசாலி.

வேறொரு வாசலும் இருக்கிறது. பிரெஞ்சுப் பிரஜையையோ அவர் மனைவியையோ பெற்றவர்கள், பிள்ளைகளை அண்டி வாழ்கிறவர்கள் என்ற முறையில் போகலாம். அந்த வாசல் வழியே போனவருக்குப் பத்து வருஷத்துக்கு வாச அநுமதி கிடைக்கும். ஆனால் தமக்கென்று போதிய வருமானம் இல்லை, மகளும் மருமகனும் மாதாமாதம் அனுப்பும் பணத்தில்தான் காலம் தள்ளுகிறோம் என்று ருசுப்படுத்த வேண்டும். அந்தப் பணம் பல காலமாக ஒழுங்காக வந்ததற்குப் பாங்கிக் குறிப்புகள் வேண்டும்.

இங்கேதான் நம் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். முதல் வாசலில் நிற்பவன், "உன் பென்ஷன் போதாது" என்கிறான். இரண்டாம் வாசலில் நிற்பவன், "உனக்குத்தான் பென்ஷன் இருக்கிறதே, கிளியனூரில் உனக்கு என்ன குறை?" என்கிறான். பெரிய பணக்காரன் முதல் வாசலில் நுழைந்துவிடுவான். ஒன்றுமில்லாதவன், பிள்ளை தாங்கினால், இரண்டாவதில் நுழையலாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாதம் பிறந்தால் ஒரு தொகை வாங்கும் நடுத்தர மனிதர் இரண்டுக்கும் நடுவில் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். பெண்ணிடம் பணம் வாங்கக் கூடாது என்ற கொள்கையில் நம் நண்பர் மாப்பிள்ளை அனுப்பியதைத் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார். நம் சமூகத்தில் அது மானம். அந்த விண்ணப்பத்தில் அது குறைபாடு.

முதல் வாசலை மகள் வீட்டார் உறுதிக் கடிதம் கொடுத்துச் சற்று அகலமாக்கலாம். தங்க இடமும் சோறும் நாங்கள் தருகிறோம் என்று எழுதிச் சம்பளச் சீட்டுகளை இணைத்தால் அதிகாரிகள் கவனிப்பார்கள். ஆனால் அது அவர்கள் மனம் வைத்தால் நடப்பதே அல்லாமல், உரிமை அல்ல.

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது. சிரிக்கலாம் என்றால் சிரிப்பு வராது. பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், இட்ட பெயர் என்று ஒரு கட்டம். நமக்கோ தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும் நம் பெயரும்தான். பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியல், பென்ஷன் புத்தகத்தில் ஊரின் எழுத்தும் சேர்ந்து இரண்டு, பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுசாக, மனைவியின் ஆதாரில் கணவன் பெயர், அவளுடைய கல்யாணத்துக்கு முந்திய சான்றிதழில் தந்தை பெயர். ஐந்து காகிதத்தில் ஐந்து ஆசாமிகள். இவர்கள் எல்லாரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். புதுச்சேரியில் இந்தத் தொல்லை தீர்ந்து நெடுநாளாயிற்று. 1881 செப்டம்பர் 21ஆம் தேதிய அரசாணையின்படி, சாதி மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட விரும்பியவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொண்டார்கள். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கதவு என்று பொருள். அவர் எண்ணிச் செய்தாரோ எண்ணாமல் செய்தாரோ, பேரன்மாருக்குக் கதவு திறந்தது.

விஸா கைக்கு வந்தபின் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்ஸில் இறங்கி மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் பதிந்து உறுதி செய்ய வேண்டும். முதல் அநுமதி ஒரு வருஷத்துக்கு. அது முடிவதற்கு முன் மறுபடியும் அதே வருமானம், அதே இன்ஷூரன்ஸ், அதே உறுதிமொழி. மரக்காணத்து உப்பளக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாத்தி கட்டி, மிதித்து, நீர் பாய்ச்சி, உப்பு வாரி எடுக்கலாம், நிலம் சர்க்காருடையது, குத்தகை தீர்ந்தால் எதிரில் போய் நிற்க வேண்டும். வயது ஏற ஏற எதிரில் போய் நிற்பதுதான் கடினமாகிறது. அறுபதில் வாங்கும் விஸாவை எழுபத்தெட்டிலும் புதுப்பிக்க வேண்டும் என்பதை விண்ணப்பம் போடும்போது எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பெண்மணிகள் கவனிக்க வேண்டும். 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்த தமிழ்நாட்டு அரசு ஊழியருக்குப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. அவர் காலமானபின், சில சந்தர்ப்பங்களில் குறிப்பிட்ட சில வருஷங்கள் கழித்து, மனைவிக்கு வரும் குடும்பப் பென்ஷன் அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பதாகிறது. இருவர் வருமானமாகக் காட்டிய தொகை சுருங்கிவிடுகிறது. துக்கம் ஆறுவதற்குள் புதுப்பிக்கும் தேதி வந்து நிற்கும். அந்த அம்மாள் அந்நிய பாஷையில் எழுதிய பாரத்தில் தன் வருமானத்தை எழுத வேண்டும். ஆகவே கணவன் பெயரில் போகும் காகிதங்களில் மனைவிக்கும் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஊரிலேயே தெரிந்துகொண்டு புறப்பட வேண்டும். பென்ஷன்காரர் உயிரோடிருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு முறை அத்தாட்சி தர வேண்டும். அயல்நாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரியிடம் கையெழுத்துப் பெற்று அனுப்பலாம். நிரந்தரமாகத் தங்கப் போகிறவர் பாங்கிக் கணக்கை வெளிநாடு வாழ்வோர் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

சட்டம் நிற்கும் இடத்தில் நிற்காது என்பதற்கு மலேயாவைப் பார்க்கலாம். 'மலேசியா என் இரண்டாம் இல்லம்' என்று இனிமையான பெயரில் 2002இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மாத வருமானம் 10,000 ரிங்கிட் இருந்தால் போதும் என்றிருந்ததை 2021இல் ஒரேயடியாக 40,000 ஆக்கி, பாங்கி வைப்புத்தொகையைப் பத்து லக்ஷம் ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். 2024இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று தரமாகப் பிரித்தார்கள்; வெள்ளிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு. நகைக் கடை பெயர்ப்பலகை போல் இருக்கிறது. இரண்டாம் இல்லத்தின் வாடகை எப்போது ஏறும் என்று குடியிருப்பவருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான சாதாரண விஸாவுக்கு வரிசை முப்பது வருஷத்துக்கு மேல் என்று அந்நாட்டுச் சர்க்காரே அறிவித்திருக்கிறது. அறுபது வயதில் வரிசையில் சேர்பவருக்கு இது வரமா சாபமா என்று நமக்குப் புலப்படவில்லை.

அயலார் மட்டும் கல்நெஞ்சர்கள் என்று எண்ண வேண்டாம். ஓய்வுக்காலம் கழிப்பதற்கென்று நம் நாடு எந்த விஸாவும் தருவதில்லை. வானூர்த் தாலுகாவில் 1968 பிப்ரவரி 28ஆம் தேதி தொடங்கிய ஆரோவில்லில் நெடுங்காலமாய் மரம் நட்டு மண்ணைத் திருத்திய வெளிநாட்டவர்கள், தலை நரைத்த பிறகும், ஆரோவில் பவுண்டேஷனின் சிபார்சுக் கடிதத்தோடு விஸாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள்தான். நம் நண்பரின் சம்பந்தியேகூடப் பிறந்த புதுச்சேரியில் சட்டப்படி அந்நியர். 2005இல் ஏற்பட்ட அயலக இந்தியக் குடிமகன் அட்டை வந்த பிறகே அவருக்கு நிம்மதி. 1947 ஆகஸ்டு 15க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த பிரதேசத்தவர்களுக்கும் அந்த அட்டை உண்டு என்று சட்டத்தில் தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயுள் முழுதும் இருக்கலாம். ஆனால் ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் கிளியனூரில் ஒரு காணி நஞ்சை வாங்கி நெல் பயிரிட ஆசைப்பட்டால் நடக்காது. நம் நண்பருக்கு அந்தப் பக்கம் தடை; சம்பந்திக்கு இந்தப் பக்கம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நாம் நண்பருக்குச் சொன்னது இது. குடியேறும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்தி வைக்கலாம். அதே 'விசிட்டர்' வகையில், புதுப்பிக்க வசதியில்லாத, நாலைந்து மாதம் தங்கிவிட்டுத் திரும்பக்கூடிய விஸா ஒன்று இருக்கிறது. சுற்றுப்பிரயாண விஸாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். இதில் அதற்கு மேலும் தங்கலாம். அங்கே போய் எந்தக் கச்சேரியிலும் வாச அநுமதிக்கு நிற்க வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். பென்ஷன், பாங்கி, ரேஷன் அட்டை எல்லாம் இருந்தபடி இருக்கும். மகள் பணம் அனுப்பினால் இனித் திருப்பி அனுப்பாமல் வாங்கிக் கணக்கில் வைத்திருக்கும்படியும் சொன்னோம்; வாங்கியதற்கான குறிப்புகள் பின்னொரு நாள் இரண்டாம் வாசலில் பயன்படும். இந்த யோசனையில் அவர் மனைவிக்குச் சம்மதம். அவருக்கு அரை மனசு.

நேயர்களில் யாராவது இதே நிலையில் இருந்தால் ஒரு விவரம்: நீண்ட கால விஸாவுக்குப் புறப்படும் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பம் வாங்க மாட்டார்கள், கட்டணம் ஒருவருக்கு 99 யூரோ, மறுத்தாலும் அது திரும்பி வராது. சித்திரையில் புறப்பட எண்ணுகிறவர்கள், பெயர்களை ஒன்றாக்கும் பிரமாணப் பத்திரத்தை மார்கழிக்குள் முடித்து வைத்துக்கொண்டு, பொங்கல் கழிந்ததும் பாரத்தைப் பூர்த்தி செய்யலாம்.